நீலத் தண்ணீர் கேட்காத கேள்வி

1. இழுத்தும் ஏறாத ரத்தம்

ஊசி சரியான இடத்தில்தான் இறங்கியிருந்தது. கை நரம்பு என் சுண்டுவிரல் பருமனுக்குப் புடைத்து நின்றது. அப்படி ஒரு நரம்பு கிடைத்தால் எங்கள் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு குத்துவோம். ஆனால் சிரிஞ்சை இழுக்கிறேன், இழுக்கிறேன், ரத்தம் ஏறவில்லை. கடைசியில் வெல்லப்பாகு போல மெதுவாக, கறுத்த சிவப்பாக ஏறியது. ஊதா மூடி டியூபில் விட்டு மெல்லச் சாய்த்தால், சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"இன்னாக்கா, என் ரத்தம் ஒங்கள பாத்து பயந்துக்கிச்சா?" என்று சிரித்தார் ஏழுமலை.

"பயம்லாம் இல்ல. சோம்பேறி ரத்தம். ஒன்ன மாதிரி இல்ல," என்றேன்.

என் பெயர் மெகருன்னிசா. ஊரில் எல்லோருக்கும் மெகரக்கா. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு லேபில் என் வேலைக்காலம் முழுவதும் ரத்தம் எடுத்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக லேப் வேலைக்கு வரும் பெண்கள் சிலர், பார்த்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்கிறார்கள். பார்த்ததை எல்லாம் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஏழுமலை, கமிட்டியில் மூட்டை தூக்குபவர். நெல் ஏலம் போகும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எங்கள் ஊரில் கமிட்டி என்றுதான் பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த மேனி, ஆனாலும் கன்னத்தில் செம்பு நிறம் தெரியும். கண் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி. பீடி கிடையாது, குடி கிடையாது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்து, காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று கமிட்டியில் பேச்சு கேட்பார். அதற்கும் சிரிப்பார்.

அன்று தலைவலி என்று வந்திருந்தார். கீழே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா, பொதுவாக ரத்தம் பார்த்துவிடலாம் என்று மேலே அனுப்பியிருந்தார். துணைக்கு மனைவி அஞ்சலை. எங்கள் மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. ஏழுமலை தடதடவென்று ஏறி வந்துவிட்டார். அஞ்சலை பாதிப் படியில் உட்கார்ந்து, பிறகு எழுந்து வந்து, பெஞ்சில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"இன்னாம்மா, மூட்ட தூக்கறது நீயா, அவரா?" என்று கேலி செய்தேன்.

அஞ்சலை முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு பச்சரிசியை வாயில் போட்டு மென்றார். கமிட்டிக்காரர் வீட்டில் அரிசிக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

டியூபை மெஷினில் ஓட்டினேன். ஹீமோகுளோபின் இருபத்தொன்று என்று காட்டியது. எங்கள் ஊர்ப் பக்கம் பன்னிரண்டு வந்தாலே இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம் என்கிற நிலைமை. மறுபடி ஓட்டினேன். அதே எண். மெஷினைச் சந்தேகப்பட்டால் நான் ஒரு வேலை செய்வேன்: என் விரலைக் குத்தி என் ரத்தத்தையே ஓட்டிப் பார்ப்பேன். என் எண் எனக்கு மனப்பாடம். அது சரியாக வந்தது. மெஷின் மேல் குற்றமில்லை.

ஸ்லைடில் ஒரு துளி வைத்து இழுத்தேன். வழக்கமான சாய்வில் இழுத்தால் மெழுகியது போலத் திட்டாக நின்றது. கண்ணாடியை நன்றாகப் படுக்கவைத்து இழுத்த பிறகுதான் கொஞ்சம் பரவியது. ஈ.எஸ்.ஆர் குழாயை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கீழே இறங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிய வேண்டும். இறங்கவே இல்லை. டியூபைச் சுற்றவிட்டு எடுத்தால் பாதிக்கு மேல் தெளிந்த நீர் நிற்க வேண்டும். நின்றது மூன்றில் ஒரு பங்குதான், மீதி முழுக்கச் சிவப்பணு.

இருந்தாலும் உடனே முடிவுக்கு வரக்கூடாது. வெயிலில் வேலை செய்கிறவன் தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் ரத்தம் கெட்டியாகத்தான் காட்டும். "நல்லா தண்ணி குடிச்சிட்டு, ஒரு நாள் வேலைக்குப் போவாம நாளைக்கி வா," என்று அனுப்பினேன். மறுநாளும் அதேதான்.

2. மயில்துத்தம்

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து விசாரிக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் கேட்ட கேள்விகளை நான் பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"குளிச்சு முடிச்சதும் உடம்பு அரிக்குதா?"

ஏழுமலை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, அத்த ஏம்மா கேக்கறீங்க. தண்ணி பட்டா போதும், மேலெல்லாம் சுணை பட்டா மாதிரி புடுங்குது. நெல்லு சுணைன்னு நெனச்சி சோப்ப மாத்திக்கினே இருக்குறேன்."

"கால் விரல் எரியுமா?"

"எரியுது. பாதம் செவந்து எரியுது. செருப்புன்னு நெனச்சேன்."

"கண்ணு?"

"அப்பப்போ பூச்சி பறக்குது. ஒருதரம் பாதி மறைச்சா மாதிரி ஆயி, அப்புறம் சரியாப் பூட்சி."

"சாப்பாடு?"

இதற்கு அஞ்சலை முந்திக்கொண்டார். "முன்னெல்லாம் குண்டான் காலி பண்ணுவாரு. இப்ப நாலு வாய்ல வயிறு ரொம்பிட்சின்னு எழுந்துக்கறாரு."

டாக்டரம்மா இடதுபக்க விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "ஆட்டுல சுவரொட்டின்னு சொல்றோம்ல, அதே மண்ணீரல். அது இவருக்கு வீங்கியிருக்கு. வயித்த அடைச்சிக்கிட்டு இருக்கு. அதான் சாப்பிட முடியல," என்றார்.

அஞ்சலை முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்குக் காரணம் தெரியும். பஜாரில் கறிக்கடை வைத்திருக்கும் என் தம்பி ஷரீப்பிடம், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அஞ்சலை. ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். அதை அவருக்கென்று ஷரீப் எடுத்து வைப்பான். ரத்தம் ஊறும் என்று ஊரே நம்பும் கறி அது; புருஷனுக்கென்று வாங்கிப் போவார்.

"அவருக்கு எதுக்கும்மா ரத்தம் ஊறணும்?" என்று கேட்டேன்.

"குடுக்கறாரில்ல," என்றார்.

அப்போதுதான் கதை முழுக்க வெளியே வந்தது. மகள் பிறந்தபோது அஞ்சலைக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரி வாசலில் ஏழுமலை அழுதுகொண்டு நிற்க, மேல்மலையனூர் அமாவாசைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் சிலர் விஷயம் கேள்விப்பட்டு உள்ளே வந்து கை நீட்டியிருக்கிறார்கள். கொடுத்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அன்றிலிருந்து எங்கே ரத்தம் வேண்டும் என்றாலும் ஏழுமலை போய் நிற்பார். பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமில் முதல் ஆள் அவர்தான்.

"ரத்தம் குடுத்தாதான்மா எனக்கு ஒடம்பு லேசாவும். தலைவலி ஓடிப்பூடும். அரிப்பு கூட அடங்கிப்பூடும். இப்ப ரொம்ப நாளா கேம்ப்பே போடல. அதான் இப்பிடி ஆயிட்சி," என்றார் ஏழுமலை.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தம் அளவுக்கு மேல் ஊறுகிற ஏழுமலையின் நோய்க்கு வைத்தியமே ரத்தத்தை எடுத்து வெளியே விடுவதுதான். தெரியாமல், புண்ணியம் என்று நினைத்து, தனக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அத்தனை முகாமில் ஒருவர் கண்ணிலுமா படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முகாமில் நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குவளையில் இருக்கும். விரலைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தை அதில் விடுவோம். துளி நேராக மூழ்கினால் ரத்தம் போதும், கொடுக்கலாம். மேலேயே மிதந்தாலோ, தயங்கி நின்றாலோ ரத்தம் குறைவு, வீட்டுக்குப் போ என்போம். ஏழுமலை துளி கல்லைப் போட்டது போல அடிக்குப் போகும். சுற்றி நிற்கிற பையன்கள் விசில் அடிப்பார்கள். குறைகிறதா என்பது மட்டும்தான் அந்தத் தண்ணீருக்குத் தெரிந்த கேள்வி. அளவுக்கு மேல் இருக்கிறதா என்று அதற்குக் கேட்கத் தெரியாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்குத் தேவை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இங்கே எல்லோருக்கும் குறைச்சல்தானே.

3. மஞ்சள் கவர்

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தில் கோளாறு, அது நிறுத்தாமல் சிவப்பணுவை ஊற்றிக்கொண்டே இருக்கிறது என்று உறுதி செய்து அனுப்பினார்கள். குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைத்தால் பல வருடம் நன்றாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு சின்ன மாத்திரை. எண்ணிக்கை இறங்கும்வரை வாரம் ஒருமுறை ஒரு பை ரத்தம் எடுத்துவிட வேண்டும். அதை செஞ்சியிலேயே, டாக்டரம்மா கிளினிக்கிலேயே செய்யலாம்.

முதல் பை நான்தான் எடுத்தேன். பெரிய ஊசி போட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நிரம்பியதும் குழாயை முடிச்சுப் போட்டு, பையை மஞ்சள் கவரில் போட்டேன். மருத்துவக் கழிவு வண்டிக்காரர் எடுத்துப்போகும் கவர் அது.

ஏழுமலை கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். "இது யாருக்குக்கா போவுது?"

"யாருக்கும் இல்லப்பா. இது ஏத்தக் கூடாத ரத்தம்."

"அப்ப?"

"வண்டில போவும். எரிச்சிடுவாங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். அஞ்சலை சரிசெய்ய வந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். எண் இறங்க ஆரம்பித்தது, அரிப்பு குறைந்தது, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன் என்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் கண் அந்த மஞ்சள் கவரிலேயே இருக்கும். பிறகு வருவது நின்றுபோனது. போன் போட்டால், "நெல்லு வரத்து ஜாஸ்திக்கா, அடுத்த வாரம்," என்பார். அடுத்த வாரமும் அதே பதில்.

இன்னொரு பக்கம் ஷரீப் சொன்னான், அஞ்சலை இன்னும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று. வேண்டாம் என்று அவரிடமே சொல்லியிருந்தேன்; எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தாளுக்கே ரத்தம் வழியுதுன்னு நாங்க மொண்டு ஊத்திக்கினு இருக்கோம். நீ சுவரொட்டி குடுத்தனுப்புறியா?"

"அந்தம்மா கண்ல தண்ணி வெச்சிக்கினு கேக்குதுக்கா. வாரா வாரம் ஒரு பை எடுக்கறாங்க பாய், ஆளு எளச்சிப் பூட்டாருன்னு சொல்லுது. நான் இன்னா பண்றது?" என்றான்.

அவன் சொல்வதும் சரிதான். ஒரு மனிதன் உடம்பிலிருந்து பை பையாக ரத்தம் எடுத்துக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்?

4. கமிட்டியில்

சித்திரை மாதம். நவரை நெல் வந்து குவிந்துகொண்டிருந்தது. மத்தியான வெயிலில் கோட்டை மலைப் பாறையெல்லாம் அனலடிக்கும் நேரம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கமிட்டிக்குப் போனேன். லேபை விட்டு நான் ஆளைத் தேடிப் போவது வழக்கமில்லை. வந்தால் எடுப்பேன், வராவிட்டால் போ என்று விடுகிற ஆள்தான் நான். ஆனால் அந்த டியூபைச் சாய்த்துப் பார்த்த கை இது. அப்படிப்பட்ட ரத்தம் மூளைக்குள் எந்த மயிரிழை நரம்பில் போய் நின்றுகொள்ளும் என்று சொல்ல முடியாது.

ஏழுமலை முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார். மூட்டையைப் போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றார். கண் இரண்டும் மறுபடி மிளகாய்ச் சிவப்பு.

"ஏன்டாப்பா, சாவணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"கோச்சிக்காதீங்கக்கா."

"பின்ன கொஞ்சுவாங்களா? ஒரு பை எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்? ஒனக்கு இன்னா பிரச்சன?"

அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்க அஞ்சலைக்கு ஓடுறது எவரோ குடுத்த ரத்தம்க்கா. அவங்க மூஞ்சிய கூட நான் சரியா பாக்கல. நான் எத்தினி தபா குடுத்தாலும் அது அவங்களுக்கே போவுதுன்னு நெனச்சிக்குவேன். படிச்சவன் இல்ல, பணம் காசு இல்ல, என்னாண்ட நல்லதா இருந்தது அது ஒண்ணுதான். அதயும் குப்பன்னு கவர்ல போட்டீங்க. அத்த பாத்துக்கினு படுத்திருக்க என்னால முடியலக்கா."

நான் குடையை மடக்கினேன். முகத்துக்கு நேரே வாயாடும் ஆள் நான். அன்று குரலைத் தாழ்த்தினேன்.

அவர் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "குப்ப இல்லப்பா. நீ இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் போவேண்டிய எடத்துக்குப் போயிட்சி. அத்த யாரும் திருப்பி எடுக்க முடியாது. இனிமே எடுக்கறது ஒனக்காக. ஒன் பொண்ணு திண்டிவனத்துல ஹாஸ்டல்ல படிக்கிதே, அதுக்காகன்னு வெச்சிக்க. அதுவும் ஒருத்தருக்குக் குடுக்கறதுதானே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். "இந்த நெல்லு முடியட்டும்க்கா. வர திங்கக்கெழம கண்டிப்பா வரேன்," என்றார். "நீங்களே எடுங்க. ஆனா கவர என் கண்ணுக்குத் தெரியாம வைங்க."

"வெக்கிறேன். மொதல்ல தண்ணி குடி."

குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என் கண் முன்னால் குடித்தார். பிறகு அடுத்த மூட்டைக்குப் போனார்.

திங்கட்கிழமைக்குப் பையும் ஊசியும் எடுத்து வைத்தேன். மஞ்சள் கவர் தெரியாமலிருக்க, கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஸ்கிரீனும் கட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் கமிட்டியில் மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். வாய் ஒருபக்கம் கோணியிருப்பதைப் பார்த்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் சில நாள் இருந்தார். பேச்சு வரவில்லை. இடது கையால் அஞ்சலையின் வளையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு போய்விட்டார்.

5. அஞ்சலை

சாவுக்குப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது. வெயில் அடிக்கிற வாசலில் இப்படி ஒரு கையா என்று தோன்றியது.

"அக்கா, நெசத்த சொல்லுங்க. நான் ஆக்கிப் போட்ட சுவரொட்டியாலதான் போனாரா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் முன்பே டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருந்தேன். "இல்லம்மா. அது சாப்பாட்டால வர்ற நோவு இல்ல. சாப்பாட்டால சாவும் இல்ல. டாக்டரம்மா சொன்னாங்க. நான் என் பேரப்புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன்," என்றேன்.

"நீங்க வாணாம்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நீ குடுக்காம இருந்திருந்தாலும் அந்த ரத்தம் ஊறிக்கினுதாம்மா இருக்கும். நாங்க எடுத்துக்கினே இருந்திருக்கணும், அவ்ளோதான்."

நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். முந்தானை முடிச்சிலிருந்து அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். துக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். நான் நீலத் தண்ணீர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் வேலை செய்த கடைசி முகாம். பையன்கள் வரிசையில் நடுவே அஞ்சலை வந்து நின்றார்.

"நீ எதுக்கும்மா?"

"அவரு பேருல நான் குடுக்கறேன்க்கா. அவரு குடுக்க முடியாம போனத நான் குடுத்துட்டா, அந்த மனசு ஆறும்ல."

விரலைக் குத்தினேன். குத்திய இடத்தில் ரத்தம் வரத் தயங்கியது. அழுத்தி எடுத்து ஒரு துளியைக் குவளையில் விட்டேன். வெளிறிய துளி. தண்ணீரின் மேலேயே, பூ மாதிரி மிதந்தது. நானும் அவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது கீழே போகவில்லை.

அவருக்கு அந்தத் தண்ணீரைப் பற்றித் தெரியும். புருஷனோடு எத்தனை முகாமுக்கு வந்திருப்பார். "முழுவல," என்றார்.

நான் எழுந்து அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைக் காகிதமாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். நகத்தைப் பார்த்தேன். பாதிப் படியில் உட்கார்ந்தது, மூச்சு வாங்கியது, பச்சரிசி, சில்லிட்ட கை எல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக வந்து நின்றன. ரத்தம் இல்லாத உடம்புதான் அரிசி கேட்கும், மண் கேட்கும். அது எங்கள் தொழிலில் பாலபாடம்.

"ஏம்மா, வாரா வாரம் சுவரொட்டி வாங்கினியே. நீ ஒரு துண்டாவது சாப்டியா?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டது போல.

"எனக்கு எதுக்குக்கா? மூட்ட தூக்கறவரு அவருதானே. அது இன்னா, இம்மாத்தூண்டு தான இருக்கும். கொழம்ப மட்டும் தொட்டுக்குவேன்."

வரிசையில் பின்னால் நின்ற பையன், "அக்கா, சீக்கிரம்," என்றான். நான் அவனை முறைத்தேன். அஞ்சலையைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் குவளையையே பார்த்துக்கொண்டு, "குடுக்கக் கூட லாயக்கில்லாம பூட்டனாக்கா?" என்று அழுதார். ஏழுமலை செத்தபோது கூட அவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன். முகாமில் கையுறையோடு கண்ணைத் துடைக்கக்கூடாது. தோளில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் லேபில் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஏழைத் தொடவில்லை. அவருக்கு அது இருபத்தொன்று, இவருக்கு இது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. டாக்டரம்மா மாத்திரையும் ஊசியும் எழுதினார். ஷரீப்பிடம் ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டியை எடுத்து வைக்கச் சொன்னேன். என் வீட்டிலேயே மிளகு போட்டு வறுத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் அஞ்சலை முன்னால் வைத்தேன். முதல் வாரம் கை வைக்கவில்லை. டப்பாவை மூடி, "பொண்ணு வந்தா குடுக்கறேன்," என்றார். அடுத்த வாரம் நான் எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் தட்டின் ஓரமாக, ஏழுமலை உட்காரும் பக்கம் ஒதுக்கி வைத்தார். மீதியைச் சாப்பிட்டார்.

புதிதாக ஊசி பிடிக்கும் பெண்களே, டியூபில் ரத்தம் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தால், ஈ.எஸ்.ஆர் இறங்காமல் நின்றால், நல்ல ரத்தம் என்று பாராட்டி அனுப்பிவிடாதீர்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடி எடுங்கள். குளித்தால் அரிக்கிறதா, கால் எரிகிறதா, கண் மறைக்கிறதா, நாலு வாயில் வயிறு நிறைகிறதா என்று கேளுங்கள். இருந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். ரத்தம் எடுக்கச் சொன்ன தேதியைத் தள்ளிப்போட்டால் விடாதீர்கள், கோபித்துக்கொண்டாவது கூட்டி வாருங்கள். இதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கும்.

பாடத்தில் இல்லாதது ஒன்று சொல்கிறேன். நோயாளியோடு துணைக்கு வந்து, பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் ஒருத்தி. அவள் பெயரில் டாக்டர் எதுவும் எழுதியிருக்க மாட்டார். அவளும் எதுவும் கேட்க மாட்டாள். எழுந்து போய் அவள் கண் இமையையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.